பூக்களுக்கும் பெரட்டு

இறம்பொடைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் நாளைக்குக் காட்டுப்பூ எங்கே பூக்கும் என்று தெரியவேண்டுமானால், விடிந்ததும் பெரட்டுக்களத்துக்குப் போனால் போதும். யாருக்கு எந்த மலையில் வேலை என்று ஆட்களைப் பேர் சொல்லிப் பிரித்துவிட்ட பிறகு, பூரணி கங்காணி பூக்களையும் பிரித்துவிடுவாள். உன்னி ஆஸ்பத்திரி வளைவுக்கு, தும்பை தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வாசலுக்கு, காட்டுச் சூரியகாந்தி கண்டி ரோட்டுக்கு. சொன்னது சொன்ன இடத்தில் மறுநாள் பூத்து நிற்கும். மாசியிலிருந்து சித்திரை வரை இதுதான் நடைமுறை. சீசன் பார்க்க நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் பாதி வழியில் இறங்கி, "மல் கோ?" என்று கேட்பார்கள். பூ எங்கே என்று சிங்களத்தில் கேட்கும் அந்தக் கேள்விக்கு, த்ரீவீல் ஓட்டும் ஜூட்சன் பதில் சொல்வதில்லை. ஏற்றிக்கொண்டு நேரே போய் இறக்கிவிடுவான்.

இது தொடங்கியது பெட்ரோல் வரிசைகள் ஒழிந்த வருஷத்தில். அதுவரை அங்கே பெண் கங்காணி இருந்ததில்லை. கொழுந்துக்கூடைக் கயிறு உரசி உரசி உச்சியில் முடி மெலிந்துபோன பூரணியைத் தோட்டத்து நிர்வாகியான துரை கூப்பிட்டு, சித்திரை வருஷப்பிறப்பு வரை பார்க்கலாம், ஆட்கள் உன் பேச்சைக் கேட்டால் வேலை நிரந்தரம், கேட்காவிட்டால் பழையபடி கூடைதான் என்றார். பூரணிக்கு அந்த வேலை வேண்டும், வேண்டவே வேண்டும். மழையில் ஒருத்தி ஒதுங்கி நின்றால் சத்தம் போடாத கங்காணி ஒருவராவது இந்த மலையில் இருக்க வேண்டும் என்று அவள் வெகுகாலமாக நினைத்திருந்தாள்.

முதல்நாள் பெரட்டில் கொழுந்தெடுக்கும் பெண்கள் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்கள். புல்லு வெட்டும் ஆண்கள் அசையவில்லை. அவர்களில் மூத்தவரான கந்தப்பன் சுரண்டியைக் காலடியில் போட்டுவிட்டு வெற்றிலையைக் குதப்பினார். "பொம்பளப் புள்ள பேரு கூப்புட்டு நாங்க மலைக்குப் போறதா? எங்க அப்பன் காலத்துலயே இல்லாத பழக்கம்" என்றார். பூரணிக்கு அழுகை வந்தது. அழுதால் தொலைந்தோம் என்பதும் தெரியும். அதனால் அழுகையைக் கத்தலாக மாற்றினாள்: "நீங்க போகாட்டி இருங்க! புல்லு பூண்டாச்சும் என் பேச்சக் கேக்கும். ஏழாம் நம்பர் மலையில இருக்குற உன்னி, தும்பை, சூரியகாந்தி, தொட்டாச்சிணுங்கி எல்லாம் கண்டி ரோட்டுக்குப் போ!"

மறுநாள் ஏழாம் நம்பர் மலையில் மருந்துக்கும் ஒரு களை இல்லை. எல்லாம் வேரோடு புறப்பட்டுப் போய், ரோட்டோரம் உயரப்படி நின்று பூத்திருந்தன. வந்த வழியெங்கும் தண்ணீர் வடியும் கான்களில் வேர் இழுபட்ட தடம் தெரிந்தது. கோயில் பூசாரி ஒரு மாலைக்கு வேண்டிய தும்பையைப் பறித்துக்கொண்டார். கொழும்பு வேன் ஒன்று நின்று படம் பிடித்தது. அன்றிலிருந்து பூரணி தினமும் பூக்களை அனுப்பினாள், அவையும் தினமும் போயின. ஒருநாள் கோபத்தில் துரை பங்களாவுக்கு அனுப்பிய உன்னி, குளியலறைக்குள்ளும் புகுந்துவிட்டது. துரை தும்மிக்கொண்டே குளித்தார். பூ கேட்பது கணக்கில்லை, ஆட்கள் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

ஆட்களோ கேட்கிற நிலையிலேயே இல்லை. களை தானாகவே நடந்து போய்விடுகிற மலையில் புல்லு வெட்டுகிறவனுக்கு என்ன வேலை? அந்த வாரங்களில் ஆண்களுக்கு ஒரு நாளும் பேர் விழவில்லை, அதாவது சம்பளம் இல்லை. கந்தப்பனின் மகள் லோஜினி வருஷப்பிறப்புச் சட்டை கேட்டு அழுத சத்தம் லயத்து வீட்டு வரிசையின் மறுகோடியில் இருந்த பூரணிக்கும் கேட்டது. நல்லா வேணும் என்று நினைக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. மறுநாள் பெரட்டில் ஜூட்சன் நான்கு வேன்காரர்களோடு காத்திருக்க, அவள், "எல்லாம் திரும்பவும் ஏழாம் நம்பருக்கே போங்க" என்றாள். "அக்கா, இன்னக்கிக் கூட்டம் ஜாஸ்தி!" என்று ஜூட்சன் பதறினான். "இவங்களுக்கும் பேரு விழணும்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்த நாள்தான் துரை வைத்த கடைசி நாள். அவர் பெரட்டுக்கு வந்தபோது ஆண்கள் களத்தில் இல்லை. யாரும் கூப்பிடாமலே இருட்டோடு ஏழாம் நம்பருக்குப் போயிருந்தார்கள். பூரணி பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள், பதில் இல்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார். பூரணி கூடை எங்கே கிடக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினாள். அப்போது மூடுபனிக்குள்ளிருந்து கந்தப்பன் தலைமையில் ஆண்கள் திரும்பி வந்தார்கள். சுரண்டியில் ஒரு துளி மண் இல்லை. மலை முழுக்க அப்படிப் பூத்துக் கிடக்கிறது, கை போகவில்லை என்று பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கந்தப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கங்காணியம்மா, அதுகள நீங்களே ரோட்டுக்கு அனுப்பிருங்க. எங்களுக்கு இன்னக்கி எந்த மலைன்னு சொல்லுங்க, போறோம்."

"பத்தாம் நம்பர், கான் வெட்டு" என்றாள் பூரணி. "சரிங்க" என்று போனார்கள். துரை பைக்கை உதைத்துக் கிளம்பினார். அந்த வாரமே வேலை நிரந்தரமாகி, அவளுக்குக் கங்காணிக் குடை வந்து சேர்ந்தது.

இப்போது ஆண்களுக்குக் கான் வெட்டும் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்தும் வருஷம் முழுக்க இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூக்களுக்கும் லீவு, அன்றைக்கு வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். மற்ற நாட்களில் எல்லாம் ஒழுங்காக வேலைக்கு வருகின்றன. தொட்டாச்சிணுங்கி மட்டும் எப்போதும் பிந்தித்தான் வரும். பூரணி அதைத் திட்டுவதில்லை, அரைப்பேர் போட்டுவிடுகிறாள்.