செவ்வாய்க்கிழமைக் கூண்டுகள்

பில்சுக் அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன அதே தாளில் நான் போட்டுவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்துவைத்த மாதிரி இருக்கும்.

தேஜோன் நகரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. அதன் தரைக்கு அடியில், சோதனை எலிகளை வளர்க்கும் எலிக்கூடம். என் பெயர் ஏசிம். நானும் அக்காவும் அங்கே பராமரிப்பு வேலை பார்த்தோம். கூண்டு மாற்றிப் புது மரத்தூள் பரப்புவது, தண்ணீர் பாட்டில் கழுவுவது, செத்ததைப் பையில் போட்டு எண் எழுதுவது. அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதற்கு முன் பதினாறு வருஷம் ஒரு பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் சமைத்தவள். பெரிய அண்டாக்களைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போனதும் இங்கே ஒப்பந்த வேலைக்கு வந்தாள். எலிக்கூண்டு கனமில்லை, அதுதான் காரணம்.

ஏழாம் அறை பேராசிரியர் பியோவுடையது. மனச்சோர்வுக்கு ஒரு புது மருந்து கண்டுபிடித்திருந்தார். அறையில் இரண்டு அடுக்குகள். இடது அடுக்கில் இருந்த கறுப்பு எலிகளுக்கு மருந்து ஊசி, வலது அடுக்கில் இருந்தவற்றுக்கு வெறும் உப்புத்தண்ணீர். ஒவ்வொரு புதன்கிழமையும் டாக்டர் ஹேரின் வருவாள். பியோவிடம் ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்கிற பெண். எலியை ஒவ்வொன்றாக ஒரு வெள்ளைப் பெட்டியில் விட்டு, ஐந்து நிமிஷத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளப்பாள். சோர்ந்த எலி மூலையிலேயே உட்கார்ந்திருக்கும். தெளிந்த எலி நடுவில் வந்து திரியும். இடது அடுக்கு எலிகள் வாரா வாரம் திரிந்தன. வலது அடுக்கு எலிகள் மூலையை விட்டு நகரவில்லை.

வசந்தத்தில் தொலைக்காட்சிச் செய்தியில் பியோ வந்தார். இலையுதிர் காலத்துக்குள் நோயாளிகளிடம் சோதனை தொடங்கும் என்றார்.

அந்தச் செய்தியை அக்காவின் தம்பி பில்ஜுனும் பார்த்தான். மூன்று வருஷமாக அக்கா வீட்டின் பின்னறையில் இருக்கிறவன். ஒரு காலத்தில் விரைவுப் பேருந்து ஓட்டினான். இப்போது குளியலறைக்குப் போவதே பெரிய பயணம். செய்தி பார்த்த அன்றைக்கு அவன் அறையை விட்டு வெளியே வந்து, அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, "உன் எலிங்களா அது?" என்று கேட்டானாம். அக்கா மறுநாள் காபி குடிக்கும்போது இதைச் சொல்லும்போதே சிரித்தாள்.

"என் கூட உக்காந்து ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டான் ஏசிம். கிம்ச்சி உப்புன்னு குறை வேற சொன்னான்!"

அப்போது அவளும் அந்த மருந்தை நம்பினாள். என்னைவிட அதிகமாக நம்பினாள்.

சிக்கல் கோடையில் வந்தது. பியோவின் கட்டுரையைப் பரிசீலித்த வெளிநாட்டு நிபுணர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். இரண்டு அடுக்குகளின் கூண்டுகளும் எந்தெந்த நாளில் மாற்றப்பட்டன? இரண்டும் ஒரே நாளில்தான் மாற்றப்படும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. ஆனால் நடந்தது அதுவல்ல. கழுவும் இயந்திரம் பழுதானதிலிருந்து ஒரு நாளைக்கு ஓர் அடுக்குக் கூண்டுகளைத்தான் கழுவ முடிந்தது. "இடதைச் செவ்வாய் மாத்துங்க, வலதை வெள்ளி மாத்துங்க, எழுதிக்கிட்டெல்லாம் இருக்க வேணாம்" என்று எங்கள் மேலாளர் பாங் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். கட்டுரைக்கான பதினோரு வாரமும் அப்படித்தான் செய்தோம், அதற்குப் பிறகும் அப்படியேதான் தொடர்ந்தோம்.

பாங் ஒரு தாளோடு வந்தார். இரண்டு அடுக்கும் ஒரே நாளில் மாற்றப்பட்டன என்று அச்சடித்திருந்தது. கீழே எங்கள் இரண்டு பேருக்கும் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. நான் போட்டேன். படித்தேன், புரிந்தது, போட்டேன். மகள் கல்லூரியில் சேர்ந்திருந்த சமயம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, அப்போது மனசில் இருந்தது அதுதான்.

அக்கா தாளைப் பார்த்தபடியே நின்றாள். முகத்தில் வேறு ஏதோ ஓடியது.

"மேலாளரே, சோதனை புதன்கிழமைதானே நடக்குது?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இடது எலிங்களுக்கு முந்தின நாள் புது மரத்தூள். வலது எலிங்க அஞ்சு நாள் பழசுல கிடக்குதுங்க."

"அக்கா, கையெழுத்து."

"புது மரத்தூள் போட்டா எந்த எலியும் ஒரு நாள் பூரா நிலைகொள்ளாமத் திரியும். அதோட வாசனையே அங்க இருக்காது. தோண்டும், அலையும், எல்லா மூலைக்கும் ஓடும். எந்த அறையில வேணா வந்து பாருங்க. மருந்து போட்டாலும் திரியும், போடலைன்னாலும் திரியும்." பேனாவை அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினாள். "அந்த எலிங்கள ஓட வெச்சது மருந்தில்ல. நான்."

மறுநாள் பியோ தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் போனேன், ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட நல்ல பிள்ளையாக. டாக்டர் ஹேரின் சன்னல் பக்கம் நின்றிருந்தாள்.

"அம்மா, நாப்பது வருஷமா நான் இந்தத் துறையில இருக்கேன்" என்றார் பியோ. "நீங்க புள்ளியியல் எங்க படிச்சீங்க? பள்ளிக்கூடச் சமையல்கட்டுலயா?"

"ஆமாங்க பேராசிரியரே, அங்கதான்" என்றாள் அக்கா. "தினம் எண்ணூறு பிள்ளைங்க. ஒரே நாள்ல தொண்ணூறு பிள்ளைங்க சூப்பை அப்படியே வெச்சுட்டுப் போனா, பிள்ளைங்களுக்கு என்னாச்சுன்னு கேக்க மாட்டேன். இன்னிக்கு நான் அண்டாவுல என்ன மாத்திப் போட்டேன்னு பாப்பேன்."

ஹேரின் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டே வாரம்" என்றாள் அக்கா. "வலதைச் செவ்வாய் மாத்தறேன், இடதை வெள்ளி மாத்தறேன். நீங்களே ஆள் வெச்சுப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா இந்தத் தரையில முட்டி போட்டு மன்னிப்பு கேக்கறேன்."

"உங்க ஒப்பந்தம் எப்ப முடியுது?" என்று கேட்டார் பியோ. கோபமாகக் கூட இல்லை.

"அக்டோபர்ல."

"அப்ப அதுவரைக்கும் கூண்டை மட்டும் பாருங்க."

நடைபாதையில் நான் அவள் கையைப் பிடித்தேன். "அக்கா, யாருக்கும் சொல்லாம அடுத்த வாரம் நாமளே நாளை மாத்திப் போட்டுடலாம். எலிங்க மூலையில உக்காந்ததும் அவங்களே முழிப்பாங்க."

"அது திருட்டுத்தனம் ஏசிம். அப்புறம் அவங்க தாள் பொய், நம்ம வேலையும் பொய். எதைச் செஞ்சாலும் சொல்லிட்டுச் செய்யணும்."

சொல்லிவிட்டுத்தான் செய்தாள். ஏழாம் அறைக் கதவில் தொங்கும் அட்டையில், பதினோரு வாரத்துக்கும் உண்மையான நாட்களைக் கறுப்பு மையில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தன் முழுப்பெயரைப் போட்டாள். யோ பில்சுக், யோ பில்சுக் என்று பதினோரு தடவை. பாங் அட்டையைக் கிழித்தார். மறுநாள் வேறு அட்டையில் எழுதினாள். அதையும் கிழித்தார். மூன்றாவதை எழுதிக் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, "இனிமே கிழிங்க, நல்லா கிழிங்க" என்றாள்.

அது வரைக்கும் அக்கா இந்த விஷயத்தை ஏழாம் அறையைத் தாண்டிக் கொண்டுபோகவில்லை. தாண்ட வைத்தவன் பில்ஜுன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அவன் தலையணை உறையைத் துவைக்க எடுத்து உலுக்கியபோது மாத்திரை அட்டைகள் விழுந்தன. ஐந்து வாரத்து மாத்திரைகள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. புது மருந்துச் சோதனையில் சேர்வதென்றால் பழைய மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, தானாகவே நிறுத்தியிருக்கிறான்.

"அந்த மருந்து வேலை செய்யாதுடா" என்றாளாம் அக்கா.

"டிவியிலயே சொன்னாங்க. நீ எலிப் புழுக்கை அள்றவ, உனக்கு என்ன தெரியும்?"

"புழுக்கை அள்றதாலதான்டா தெரியும்."

"எனக்கு இருந்தது அது ஒண்ணுதான் நூனா. அதையும் கெடுக்கற." நூனா என்றால் எங்கள் ஊரில் தம்பி அக்காவைக் கூப்பிடுகிற சொல். அதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டான்.

அக்கா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். "நீ என்னைத் திட்டு. நல்லாத் திட்டு. மாத்திரையை முழுங்கிட்டுத் திட்டு. நான் இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்." மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து தண்ணீர் வாங்கியது. அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போய், மறுபடி குறைந்த அளவிலிருந்து தொடங்கினார்கள். அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை காலையில் அக்கா என்னிடம் சொன்னாள். "என் தம்பி ஒருத்தன். இந்த மாதிரி எத்தனை பேர் எந்தெந்தத் தலையணைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்காங்களோ."

விலங்குகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியை மேற்பார்க்க ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு குழு உண்டு. வெளியாள் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். அக்கா அந்தக் குழுவுக்குக் கையால் இரண்டு பக்கம் எழுதி, மூன்றாவது அட்டையின் படத்தையும் சேர்த்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

நீளமான மேசை. பியோ, பாங், நாலைந்து பேராசிரியர்கள், வெளியிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் ஒரு பெண். பாங் என் கையெழுத்திட்ட தாளைத் தூக்கிக் காட்டினார். "கூட வேலை செய்யறவங்களே ஒரே நாள்னு உறுதி குடுத்திருக்காங்க. இந்த அம்மாவுக்குத் தம்பி சம்பந்தமா மனசு சரியில்ல, பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் என்னை எழுப்பியது என்று நினைக்கிறேன். யாரும் கேட்காமலே எழுந்து நின்றுவிட்டேன்.

"அது பொய்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் பொய்யில கையெழுத்துப் போட்டேன். இடது செவ்வாய், வலது வெள்ளி. பதினோரு வாரமும். எழுத வேணாம்னு சொன்னது இவர்தான்."

"உக்காரும்மா" என்றார் பாங்.

"உக்கார மாட்டேன். பக்கத்துல இருக்கற அக்கா உக்காந்ததே இல்ல, இவ்வளவு நாளா."

கால்நடை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "பேராசிரியரே, ஒரு மாட்டுத் தொழுவத்துல படுக்கையை மாத்தின மறுநாள் நான் பால் அளவு எடுக்க மாட்டேன். இது உங்களுக்குத் தெரியாம இருக்க வாய்ப்பில்லையே?"

மறுபடி சோதனை செய்யச் சொல்லிக் குழு உத்தரவு போட்டது. எந்த எலிக்கு எது போட்டது என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. கூண்டு நாளையும் தலைகீழாக மாற்ற வேண்டும், வலது செவ்வாய், இடது வெள்ளி.

ஹேரின்தான் அளந்தாள். அவளுடைய ஆறு வருஷமும் அந்த மருந்தில்தான் இருந்தது. மூன்றாவது புதன்கிழமை, எந்த எலிக்கு எது போட்டது என்ற பட்டியலைத் திறந்து காட்டியதும், முகமூடியைக் கழற்றிக்கொண்டு நாங்கள் கூண்டு கழுவும் இடத்துக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"உப்புத்தண்ணி போட்ட எலிங்க ஓடுதுங்க. மருந்து போட்டது மூலையில உக்காந்திருக்கு" என்றாள். "உங்களுக்குச் சந்தோஷமா?"

"இல்லம்மா" என்றாள் அக்கா. கையுறையைக் கழற்றினாள். "எனக்கும் அது மருந்தா இருக்கணும்னுதான் ஆசை. உன்னைவிட ஆசை."

கழுவும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஹேரின் போகும்போது குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். நோயாளிகளிடம் சோதனை நடக்கவில்லை. பியோ பதவியில்தான் இருக்கிறார், வேறொரு மருந்தைப் பற்றிப் பேசுகிறார். பாங்குக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். அக்டோபர் கடைசி நாள் அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தா ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பேசிப் பாக்கலாம்."

"என்னன்னு எழுதறது? கிழமையைச் சரியா சொன்னதுக்கு மன்னிக்கணும்னா?"

"பிடிவாதம் பிடிச்சா இந்த வயசுல எங்க போவீங்க?"

"எலி இருக்கற இடத்துக்கு" என்று சொல்லிவிட்டு அலமாரிச் சாவியை மேசையில் வைத்தாள்.

ஆறு வாரம் கழித்து சோங்ஜு நகரத்தில் இன்னொரு எலிக்கூடத்தில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் ஏன் பழைய இடத்தை விட்டீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். அந்த ஆள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் அறைகளையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்றாராம். என் ஒப்பந்தம் எப்படியோ நீண்டது. எந்தத் தாள் வந்தாலும் இப்போது நான் மெதுவாகப் படிக்கிறேன். பாங் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்பார், நிற்கட்டும்.

பில்ஜுன் எழுந்து ஓடிவிடவில்லை. மாத்திரை சாப்பிடுகிறான், சில நாள் சாப்பாட்டு மேசைக்கு வருகிறான். அக்காவிடம் பேசத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. முதலில் பேசியதே சண்டைதான் என்று அவளே பெருமையாகச் சொன்னாள்.

இதற்கிடையில் ஹேரின், கூண்டு மாற்றும் நாள் சோதனை முடிவை எப்படிப் புரட்டுகிறது என்று தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அக்காவின் பெயரைப் போடுவதாகத் தொலைபேசியில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நன்றியெல்லாம் வேணாம்மா. யார் கண்டுபிடிச்சதுன்னு போடு. உன் பேருக்குப் பக்கத்துல."

"அக்கா, பட்டம் இல்லாதவங்க பேரை அங்க போடறது வழக்கமில்ல. பேராசிரியர் பியோ ஒத்துக்க மாட்டார், அவர் சம்மதம் இல்லாம நான் அனுப்ப முடியாது."

"எலிங்க என்னைப் பட்டம் கேக்கல. அவரைக் கேக்கச் சொல்லு, நேர்ல வந்து கேக்கச் சொல்லு."

ஹேரின் தன் பெயருக்குப் பக்கத்தில் அக்காவின் பெயரைப் போட்டு அனுப்ப, மூன்று தடவையும் அதை அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார் பியோ. மூன்று தடவையும் ஹேரின் அதே இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறாள். நாலாவது பிரதி இப்போது அவர் மேசையில் இருக்கிறது.