ஆடாத மேஜை

பாடத்தில் இருந்த அந்த ஆங்கிலக் கதையைப் பற்றி இந்துஜாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. என்ன, கதையைத்தான் அவள் படித்ததில்லை. அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கொல்கத்தாவில் பரீட்சை என்றால் 'சஜெஷன்' என்று ஒரு சமாசாரம் உண்டு. எந்தக் கேள்வி வரும், என்ன எழுத வேண்டும் என்று டியூஷன் சார் கொடுக்கும் ஜெராக்ஸ் கட்டு. அதை உருப்போட வேண்டியது. அந்தக் கேள்வியே வந்துவிட்டால் 'காமன் வந்தது' என்று ஹாலுக்கு வெளியே ஒரே கொண்டாட்டம். போன வருஷம் சிறுகதைத் தாளில் எதுவும் காமன் வரவில்லை, இந்துஜா கோட்டை விட்டாள். இந்த முறையும் போனால் எம்.ஏ. ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். நாளைக்குப் பரீட்சை.

லேக் கார்டன்ஸில் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவள் மிருதுளா, கோயம்புத்தூர்ப் பெண், ஐடி வேலை. இந்துஜா அவளை இந்த ஊர் வழக்கப்படி 'மிருதுதி' என்பாள், மிருது அக்கா என்று அர்த்தம். மிருதுளாவுக்குக் கண்வலி. போனைக்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மத்தியானம் அம்மா கொடுத்த சாம்பார் சாதத்தை இந்துஜா கொண்டுபோய் வைத்ததும் சாப்பாட்டு மேஜை வழக்கம்போல் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"தள்ளியே உக்காரு, ஒட்டிக்கும். ஏதாச்சும் கதை சொல்லேன் இந்து, பைத்தியமே புடிக்குது. உனக்கும் படிச்ச மாதிரி ஆச்சு."

இந்துஜா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். போருக்குப் போன கணவன். காத்திருக்கும் மனைவி. கடைசிப் பக்கத்தில் தந்தி வருகிறது, அவன் இறந்துவிட்டான். ஆடும் மேஜை அவர்களுடைய தாம்பத்தியத்தின் குறியீடு. முற்றும்.

கண்ணை மூடியபடியே மிருதுளா கேட்டாள், "தந்தி வர்ற வரைக்கும் அந்தம்மா என்ன பண்ணிட்டிருந்தா?"

"அது நோட்ஸ்ல இல்லியே."

"கதைல இருக்கும்ல?"

இருக்கும்தான். இந்துஜா அசட்டுச் சிரிப்போடு கீழே போய், வாங்கியதிலிருந்து விரிக்காத புத்தகத்தைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டே பக்கம். ஆங்கிலத்தில் வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். காலையில் அந்தப் பெண் ஒரு காகிதத்தை நான்காக மடித்து, ஆடும் மேஜையின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுக்கிறாள். ரொட்டி சுடுகிறாள். கணவனின் கோட்டுக்குப் பொத்தான் தைக்கிறாள். அவர் எப்போது வருவார் என்று கேட்பவர்களுக்கெல்லாம் ரொட்டி கொடுத்து அனுப்புகிறாள். கடைசிப் பக்கத்தில் தபால்காரர் வருகிறார். தந்தி கொடுக்க வரவில்லை. 'காலையில் கொடுத்தபோது கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன், அம்மா.' அவள் மேஜைமேல் வைத்துக் கையெழுத்துப் போடுகிறாள். மேஜை ஆடவில்லை.

"இரு இரு," என்றாள் மிருதுளா. "காலைலயே குடுத்தாச்சா? அப்ப அந்தத் தந்தி எங்க?"

இந்துஜா முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். முதல் வரியிலேயே இருந்தது, நான்காக மடித்த காகிதம். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுபடி வாசித்தாள். ஒவ்வொரு ரொட்டியும் இப்போது வேறு ரொட்டி, ஒவ்வொரு பொத்தானும் வேறு பொத்தான். ஒரு எழுத்துகூட மாறவில்லை, கதையே மாறிவிட்டது. மனுஷர்கள் இப்படியும் எழுதுவார்களா! மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னாள் மிருதுளா. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது, கண்வலியால் மட்டுமில்லை.

அப்புறம்தான் உறைத்தது. சாரின் நோட்ஸ் தப்பு. எந்தப் புண்ணியவானோ கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு எழுதியதை வருஷா வருஷம் எல்லாரும் எழுதிப் பாஸாகிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் முதல் கேள்வியே காமன்: அந்தக் கதையில் தந்தியின் இடம் என்ன? ஹால் முழுக்கப் பெருமூச்சு. உருப்போட்ட எட்டுப் பக்கப் பதில் இந்துஜாவின் நாக்கு நுனியில் நின்றது. திருத்துகிறவரும் அதே நோட்ஸை வைத்துத் திருத்துகிறவராக இருந்தால்? இன்னொரு வருஷம் போய்விடும். பேனாவைப் பிடித்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் நாள் முழுக்கத் தந்தியைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தாளே, அவளைப் பற்றிப் பொய் எழுத இந்துஜாவுக்குக் கை வரவில்லை. 'தந்தி கடைசிப் பக்கத்தில் வரவில்லை, கதை தொடங்கும்போதே வந்துவிட்டது' என்று ஆரம்பித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு, பாஸ். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிப் போய்ச் சொன்னாள். மிருதுளா அவளைக் கட்டிக்கொண்டாள், டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். மேஜை ஆடியதில் பாதி டீ சாஸரில் கொட்டியது.

"எதையாவது மடிச்சு முட்டுக் குடுக்கக் கூடாதா, மிருதுதி?"

"குடுத்துப் பாத்தேன். ஆடாம நின்னுச்சு. அந்தம்மா நெனப்பு வந்து பாக்க முடியல, எடுத்துட்டேன்."

இந்துஜா சாஸரிலிருந்த டீயைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தாள்.