வளைவுக்கு வெளியே நின்ற வண்டி

பாப்பா என்கிறான். அப்படியென்றால் இவனுக்கு ஏதோ வேண்டும்.

மற்ற நாட்களில் அவள் அவனுக்கு வெறும் 'ஏய்'. நாலு பேர் கூட இருந்தால் 'தங்கச்சி'. அப்பாவின் வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ள வந்தபோது ஒரு தடவை 'பாப்பா' என்றான். ஓட்டுக் கேட்டு வந்தபோது ஒரு தடவை. தலை பாதி நரைத்த பிறகு மறுபடியும் பாப்பாவாகியிருக்கிறாள். ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"பாப்பா, உள்ள வரலாமா?"

"கதவே இல்ல, அதுக்கு என்ன கேள்வி? வாண்ணே."

அண்ணன் வந்தான். வெளுத்த சட்டையில் கரி பட்டுவிடாதபடி கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றான். போன வருடம் வரை இந்தக் கிராமத்தின் தலைவன். இப்போது கிராமம் நகரமாகிவிட்டது; அவன் நகரத் தலைவன். அவனுக்குப் பின்னால் நகர மன்றத்தின் செயலாளர், தோளில் ஒரு பேனர் சுருளோடு நின்றார். தலைவர் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டிவிடுவதால் அவருக்கு ஊரில் ஆமாஞ்சாமி என்று பெயர். ஊர் நகரமான பிறகும் அந்தப் பெயருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

அவளுடைய மெத்தைக் கடையில் சுவர்கள் மட்டும் மிச்சம். கூரை போன இடத்தில் வானம் அசட்டுத்தனமாக வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. பஞ்சு மெஷின் கறுத்த பற்களைக் காட்டிக்கொண்டு ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, மெத்தை தைக்கிற நீள ஊசிகளைச் சாம்பலிலிருந்து பொறுக்கித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நெருப்பில் கிடந்த ஊசி கெட்டித் துணியில் இறங்காது, வளைந்துவிடும். தெரிந்தும் பொறுக்கினாள். கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது.

பழைய மெத்தையைப் பிரித்து, கட்டிதட்டிய பஞ்சை மெஷினில் விட்டு உதிர்த்து, மறுபடி அடைத்துத் தைத்துத் தருவது அவள் தொழில். அதனால் ஊரில் யார் எப்படிப் படுக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மேடையில் நெஞ்சை நிமிர்த்துகிற வார்டு உறுப்பினர் இரவில் நத்தை மாதிரி சுருண்டு படுக்கிறவர். அண்ணன் வீட்டு மெத்தையில் இரண்டு ஓரத்திலும் பள்ளம், நடுவில் வரப்பு மாதிரி ஒரு மேடு. அண்ணியும் அவனும் இத்தனை வருடமாக ஆளுக்கொரு கரையில் கிடக்கிறார்கள். அந்த மேட்டைத் தட்டிச் சமன் செய்து கொடுத்தபோது அண்ணி, "எதுக்கு வீண் வேலை?" என்றாள். அண்ணி வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாரு" என்றான் அண்ணன். "நம்ம ஊரு, அதாவது நம்ம நகரம், சொந்தக் கால்ல நிக்குதான்னு பாக்க. அவரு திருப்தியா போனாத்தான் வருஷா வருஷம் மானியம்."

"நிக்குதா?"

"ஜம்முன்னு நிக்குதுக்கா" என்றார் ஆமாஞ்சாமி.

"நான் ஊரக் கேட்டேன். நீங்க வளைவச் சொல்றீங்க."

ஆமாஞ்சாமி அதற்கும் தலையாட்டினார்.

வளைவு அவள் கடையிலிருந்து பார்த்தாலே தெரியும். தெருமுனையில், ரோஜா நிறத்தில், இரண்டு தூண்களுக்கு மேல், 'எங்கள் நகரம் உங்களை வரவேற்கிறது.' எழுத்துக்கு நடுவில் அண்ணனின் சிரித்த முகம்.

ஊரை நகரமாக்கப் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது கூசுகிறது. கிராமமாகவே இருந்தால் எவன் மதிப்பான் என்று அண்ணன் கேட்டான். நகரமானால் குப்பை, தண்ணீர், விளக்கு, தீயணைப்பு எல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டுமே, செலவுக்கு என்ன வழி என்று பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் எழுந்து கேட்டார். "நகரம் வரும், வரி வராது!" என்றான் அண்ணன். மண்டபம் இடிந்துவிடும் போலக் கைதட்டல். கத்திரிக்காய் வாங்கினால் காம்பை ஒடித்துவிட்டு எடை போடச் சொல்கிற சனம் அது. ஒரு நகரத்தை விலை கேட்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனது.

தொடக்க மானியமாக வந்தது கொஞ்சம். தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தளம் போடலாம் என்றார்கள். நகரம் என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும் என்றான் அண்ணன். அடித்தளம் வளைவாக எழும்பியது. முதலில் அது உயரமாகத்தான் இருக்க வேண்டியது. அவ்வளவு மேலே வைத்தால் முகம் சின்னதாகத் தெரிகிறது என்று அவன்தான் கீழே இறக்கச் சொன்னான். கட்டினவன், "பெரிய வண்டி எதுவும் உள்ள வராதேண்ணே" என்றான்.

"பெரிய வண்டிக்கு இங்க என்ன வேல?" என்றான் அண்ணன்.

சும்மா அவர்களை மட்டும் திட்டி என்ன? அவளும்தான் அந்த வாரமே பெயர்ப்பலகையை மாற்றினாள். 'சிட்டி மெத்தை ஹவுஸ்.' எழுதி முடித்ததும் எதிர்ச்சாரிக்குப் போய் நின்று பார்த்தாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. தனக்குள் இருந்த அந்தச் சின்ன வீக்கத்தை நினைக்கும்போதுதான் அவளுக்கு எல்லோரையும்விடத் தன் மேல் எரிச்சல் வருகிறது.

"விஷயத்துக்கு வாண்ணே."

"ஒண்ணுமில்ல. முன் சுவத்துல இந்த பேனரக் கட்டிடறோம். கரி தெரியாது. நீ ஒரு நல்ல துணிய உடுத்திக்கிட்டு முன்னாடி நில்லு. தீப்பிடிச்சதப் பத்தி அவரு கேட்டா, வண்டி வந்துச்சு, அணைச்சாங்கன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"எத அணைச்சாங்கண்ணே, சாம்பலையா?"

"கிண்டல் பண்ணாத பாப்பா. சும்மா ஒண்ணும் கேக்கல. புது மெஷின் வாங்கித் தர்றேன். பெருசு. பஞ்ச இந்தப் பக்கம் வெச்சா அந்தப் பக்கம் மேகம் மாதிரி வந்து விழும். புதுக் கட்டடத்துல கடையும் உனக்குத்தான்."

"எந்தக் கட்டடம்?"

"வரப்போற கட்டடம்."

"மெஷினுக்குப் பணம்?"

"மானியம் வந்துரும்ல."

"தீயணைப்புக்கு வர்ற மானியமா?"

ஆமாஞ்சாமி தலையாட்டிவிட்டார், பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வரி போடேண்ணே" என்றாள் அவள். "வீட்டுக்கு இவ்வளவுன்னு போடு. முதல் ஆளா நான் கட்டறேன். ஒரு வண்டி, ரெண்டு ஆளு, தண்ணித் தொட்டி. வேற என்ன வேணும்?"

"பைத்தியமா உனக்கு? வரி போட்டா அடுத்த தடவ எவன் ஓட்டுப் போடுவான்? இவங்களுக்கு நகரம் வேணும், சல்லிக்காசு குடுக்க மாட்டாங்க. நான் என்ன பண்ண?"

அதில் பொய் இல்லை. வாடிக்கையாளர்கள் அவளிடமும் அப்படித்தான். பஞ்சு புதிதாக இருக்க வேண்டும், விலை பழையதாக இருக்க வேண்டும்.

அவள் மெஷினைப் பார்த்தாள். மெஷின் இல்லாமல் தொழில் இல்லை. குச்சியால் அடித்து உதிர்க்கலாம். ஒரு தலையணை முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். சேர்த்து வைத்திருந்ததெல்லாம் இந்தக் கூரையோடு எரிந்துபோயிற்று. உதவி கேட்க அவளுக்கு அண்ணன் ஒருவன்தான். அவனே வந்து நிற்கிறான். 'வண்டி வந்துச்சு.' பெரிய பொய்கூட இல்லை. வண்டி வரத்தான் வந்தது.

பஞ்சில் பிடித்த நெருப்புக்குக் கூச்சல் கிடையாது. போன வாரம் மத்தியானம் யாருடைய பழைய மெத்தைக்குள்ளோ இருந்த ஒரு கொண்டை ஊசி மெஷின் பல்லில் சிக்கிப் பொறி பறந்தது. அவள் தட்டி அணைத்துவிட்டதாகத்தான் நினைத்தாள். மூட்டைகள் வெளியே வெள்ளையாக, முழுசாக இருந்தன. தொட்டால் கை வெந்தது. பிறகு மொத்தமும் ஒரே மூச்சில் எழுந்தது.

பக்கத்துப் பெரிய நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி நல்ல நேரத்தில் வந்துவிட்டது. வளைவுக்கு முன்னால் நின்றது. வண்டியின் தலையிலிருந்த ஏணி, வளைவில் சிரித்த அண்ணனின் மோவாயில் முட்டியது. குழாயை இழுத்துப் பார்த்தார்கள். பாதித் தெரு தாண்டவில்லை. ஓட்டுநர் இறங்கி, "மேல இருக்கறது பலகைதான், இடிச்சுக்கிட்டு உள்ள வந்துரவா?" என்று அண்ணனைக் கேட்டார். அவள் வாளியோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அண்ணன் மேலே பார்த்தான். புகையைப் பார்த்தான். மறுபடியும் மேலே பார்த்தான்.

"இன்னும் திறப்பு விழாவே நடக்கல. சுத்தி வயல் பக்கமா வாங்க" என்றான்.

வயல் பக்கத்து வாய்க்கால் பாலத்தில் மாட்டுவண்டி போனாலே நடுங்கும். அது அவனுக்குத் தெரியாதா? வண்டி திரும்பிப் போயிற்று. வாளியில் இருந்த தண்ணீரை அவள் என்ன செய்தாள் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

அந்த இரண்டாவது பார்வைதான். புகையைப் பார்த்த பிறகும் மேலே போன கண். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் ஆறிவிடும் என்று நினைத்தது தப்பு. மூட்டை வெளியே வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு அந்த அதிகாரியிடம் 'வந்துச்சு, அணைச்சாங்க' என்று சொல்லிவிட்டால், புது மெஷின் ஓடுகிற நாளெல்லாம் அவள் இவனுக்கு நன்றியோடு இருக்க வேண்டும். அவளைப் பயமுறுத்தியது பொய் அல்ல, அந்த நன்றிதான்.

"என்ன யோசன? அண்ணனுக்காக இதக்கூடச் செய்ய மாட்டியா?"

"அன்னிக்கு ஓட்டுநரு என்ன கேட்டாருண்ணே?"

அவள் அருகில் நின்றது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாசல் பக்கம் திரும்பி, "கட்டுய்யா, நேரமாச்சு" என்று ஆமாஞ்சாமியை விரட்டினான்.

ஆமாஞ்சாமி பேனரை விரித்தார். 'நம் நகரம், நம் பெருமை.' இங்கேயும் அதே சிரித்த முகம். ஒரு முனையை அவளிடம் நீட்டினார். "இத மட்டும் கொஞ்சம் புடிச்சுக்குங்கக்கா. நான் அந்தப் பக்கம் ஆணி அடிச்சுட்டு வந்துர்றேன்."

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். முனையை வாங்கினாள். அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. துணியைத் தரையில் படாமல் இழுத்து, மெத்தை உறையைச் சுருட்டுகிற மாதிரி, முகத்தில் மடிப்பு விழாமல் பொறுமையாகச் சுருட்டிக்கொண்டே போய், ஆமாஞ்சாமியின் கைக்கு எட்டியதும் சுருளை அவர் தோளில் வைத்தாள்.

"சுவரு இப்படியே இருக்கட்டும்ண்ணே" என்றாள். "அவரு பாத்துட்டுப் போகட்டும்."

பிறகு உட்கார்ந்து அடுத்த ஊசியைத் தேடினாள்.