செசிலியாளின் இருமல்

அன்னமேரியின் மூன்று மாதக் குழந்தை செசிலியாள் இறந்த பிறகும் அவளுடைய இருமல் இறக்கவில்லை. 1974 ஆடி மாதம், மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இது நடந்தது. பெட்டியை மூடும்போது இருமல் கேட்கவே, உபதேசியார் ஜெபத்தை நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்தார். குழந்தையின் நெஞ்சு அசையவில்லை. சத்தம் கூரைத் தகரத்துக்கு அடியிலிருந்து வந்தது. அடக்கம் முடித்துத் திரும்பியவர்கள் அதைக் கேட்டபடியே கடுங்காப்பி குடித்தார்கள்.

பிள்ளை பெற்ற நாற்பதாம் நாளே அன்னமேரியை மலைக்கு அந்தப்புறம் கொழுந்து கிள்ள அனுப்பியிருந்தார்கள். நடுவில் இறங்கி வந்து பால் கொடுக்க முடியாத தூரம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் ஆயா டப்பாப் பாலைக் கரைத்துப் புகட்டினாள். அங்கே மேட்டில் அன்னமேரிக்கு மார்பில் பால் கட்டிச் சட்டை நனைந்தது. அந்த ஆடி மழையில்தான் செசிலியாளுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது.

மகள் போன பிறகும் அவளுக்குப் பால் வற்றவில்லை. புருஷன் சுவக்கீன் சத்தம் தாங்காமல் அண்ணன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். அன்னமேரி மட்டும் கூரையைப் பார்த்து, "இங்கனதான இருக்கேன், அழாத" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவணியில் இருமல் வீட்டைவிட்டுக் கொட்டகைக்குப் போனது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகளில் ஒன்றிரண்டைத் தொட்டாலும் அவர்களிடம் அது தங்கவில்லை. டப்பாப் பால் குடித்த பிள்ளைகளிடம் வாரக்கணக்கில் தங்கியது.

பக்கத்து வீட்டுக் கத்தரீனாள் தன் இரண்டு மாத மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"யக்கா, ஒம் மவ இருமலு எம் புள்ள நெஞ்சுல கெடக்கு. ஆசுபத்திரியில ஊசி போட்டாச்சு. தாய்ப்பால் குடுன்னு நர்ஸம்மா சொல்லுதாவ. எனக்குத்தான் வத்திப்போச்சே!"

அன்னமேரி அந்த நெஞ்சில் காதை வைத்தாள். இரண்டு குட்டை இருமல், ஒரு நெட்டை. செசிலியாளேதான். மகள் இவ்வளவு பக்கத்தில் வந்து எத்தனை நாளாயிற்று! அவள் காதை எடுக்கவேயில்லை. கத்தரீனாள் காலில் விழப் போன பிறகுதான் நிமிர்ந்து சட்டையை அவிழ்த்தாள்.

"போதும் தாயி, வந்துரு" என்றாள், பிள்ளைக்குள் இருந்தவளிடம்.

ஒன்பது நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. ஆறாம் நாள் கங்காணி வந்து சத்தம் போட்டார். லயத்துப் பெண்கள் வாசலை மறித்து நின்றார்கள். "அவ வரமாட்டா. நாளையில இருந்து நாங்களும் பத்து மணிக்குப் பால் குடுக்க எறங்கி வருவோம். எழுதிக்கிடுங்க" என்றாள் ராசம்மாள். எழுதிக்கொண்டு போனார். மறுநாள் பத்து மணிக்கு மேட்டிலிருந்து பதினோரு பெண்கள் இறங்கி வந்தார்கள்.

பத்தாம் நாள் பிள்ளையின் மூச்சு சீரானது. அதே நேரத்தில் அன்னமேரியின் விலா எலும்புகளுக்கு நடுவே ஏதோ சிறியது புரண்டு படுத்தது. அப்போதிருந்து அவள் நெஞ்சுக்குள் ஒரு குழந்தை இருமியது. சுவக்கீன் வீட்டுக்குத் திரும்பினான். பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. அவர்கள் அந்தச் சத்தத்தை அக்கா என்றே அழைத்தார்கள்.

1979-இல் புதிதாக வந்த பங்குச் சாமியார், பூசை நடுவே இருமல் கேட்டு, குழந்தையை வெளியே கொண்டுபோகச் சொன்னார். யாரும் எழவில்லை. ஏழாம் லயத்துக்காரர்கள் சற்று நகர்ந்து உட்கார்ந்து, அன்னமேரியின் பக்கத்தில் ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள்.