உப்பில்லாத தண்ணீர்

படகு வாங்கப் போகிறோம் என்று முடிவானதிலிருந்து தையற்காரருக்குத் தூக்கம் சரியில்லை. அதை மனைவியிடம் சொன்னாரா என்றால், அதுதான் இல்லை. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்த மனுஷன், தன் பயத்தை மட்டும் வெளியே காட்டத் தெரியாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

மனைவி விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சின்ன வயதிலிருந்தே பாய்மரப் படகுப் போட்டிகளில் ஓட்டி வந்ததால் அக்கம்பக்கத்தில் அவளுக்குக் கேப்டன் என்றே பெயர். "இனிமே படகுலயே குடியிருப்போங்க. தோணுற இடத்துக்குப் போவோம். நடுவுல போட்டிக்கும் போகலாம்" என்று அவள் ஆரம்பித்த அன்றைக்கு, இவர் பல்லிடுக்கில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு "சரி" என்றார். விட்ட அந்தச் சொல்லைத் திரும்பப் பிடிக்க இன்றுவரை முடியவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லியாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் இரண்டு பழைய படகுகளில் ஒன்றை முடித்தாக வேண்டும்.

முதல் படகுக்கு இவர் வைத்த பெயர் குண்டு. கடலோரத்துத் துறைமுகத்தில் கிடந்தது. உள்ளே தலை இடிக்காமல் நிற்கலாம். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உண்டு. இவர் டேப்பை நீட்டி அளந்து பார்த்தார். மேஜை மேல் தையல் மெஷின் கச்சிதமாக உட்காரும். ஆனால் ஓட்டிப் பார்க்கக் கடலுக்குள் போனதும் கேப்டன் சுக்கானைப் பிடித்தபடி கொட்டாவி விட்டாள்.

"இது ஓடுதா, நிக்குதா?" என்று கூட வந்த படகுத் தரகரைக் கேட்டாள்.

"குடும்பம் நடத்துற படகு மேடம். மெதுவாத்தான் போகும்" என்றார் தரகர்.

அன்றைக்குத்தான் தையற்காரரின் மானம் கப்பலேறியது. தரையில் ஈரத்தைக் கண்டதும் "தண்ணி வருது" என்று கத்தினார். ஐஸ் பெட்டி உருகிய தண்ணீர். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கத்தினார். குடிதண்ணீர்த் தொட்டியின் மூடி கசிந்திருந்தது. மூன்றாவது முறை, தரகர் கொட்டிய டீ. கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்துத் தரகரும் சிரித்தார்.

"என்னங்க, கத்துறதுக்கு முன்னாடி நாக்குல வச்சுப் பாருங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உப்பா இருந்தா என்னைக் கூப்பிடுங்க. இல்லேன்னா தொட்டித் தண்ணிதான், துடைச்சுட்டு வாங்க."

நாக்கில் வைத்துப் பார்ப்பது படகுக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். இவருக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

இரண்டாவது படகு ஒல்லி. அது கடலை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி, ஓர் ஆற்றில் கட்டிக் கிடந்தது. போட்டிக்கென்றே செய்தது. உள்ளே குனிந்துதான் போக வேண்டும்; படுக்கை என்பது சுவரில் அடித்த பலகை. தையல் மெஷினை வைத்தால் இவருக்கு இடமில்லை, இவர் உட்கார்ந்தால் மெஷினுக்கு இடமில்லை. இதில் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

ஆனால் பாயில் காற்று ஏறியதும் ஒல்லி ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்தது. கேப்டனின் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த முகம். இதைத்தான் வாங்கப் போகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "உள்ள அளவெடுத்துட்டு வர்றேன்" என்று சாக்குச் சொல்லிக் கீழே இறங்கினார். மேலே அவளும் தரகரும் மட்டும் இருந்தார்கள்.

பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த சற்று நேரத்தில் காலில் ஈரம் பட்டது. கத்த வாயெடுத்தவர் நிறுத்தினார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்பே இல்லை.

அப்பாடா என்றிருந்தது. கத்தாமல் இருந்ததற்குத் தன்னையே மெச்சிக்கொண்டார். கைக்குட்டையால் துடைத்தார், பிழிந்தார், மறுபடி துடைத்தார். தண்ணீர் குறைவதாயில்லை. இன்னொரு தரம் ருசி பார்த்தார். சப்பென்றுதான் இருந்தது. பெரிய தொட்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

சன்னல் வழியே கரை தெரிந்தது. அங்கே ஒரு நாய் முழங்கால் தண்ணீரில் நின்று சளக் சளக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே இருந்தார். நாய் குடிக்கிற தண்ணீர். ஆற்றுத் தண்ணீர். ஆற்றில் ஏது உப்பு?

கூப்பிட வாயெடுத்தார். மேலே கேப்டன் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் மண்டியிட்டு, குமிழி வந்த முன்பக்கத் தரைப் பலகையைப் பிடுங்கினார். அடியில் உள்ளங்கையளவு வட்டத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அடைப்பான் பாதி எழும்பி ஆடியது. இரண்டு கையாலும் அழுத்தினார். விட்டால் செத்தோம் என்று தோன்றிய பிறகுதான் குரல் வந்தது.

"தண்ணி!"

"நாக்குல வச்சுப் பாத்தீங்களா?" மேலேயிருந்து அவள் குரல், சிரிப்போடு.

"ஆத்துத் தண்ணிடி! ஓட்டையைப் புடிச்சிட்டிருக்கேன்!"

சிரிப்பு நின்றது. பாய் படபடவென்று அடித்தது, படகு நிமிர்ந்தது. குதித்து வந்த தரகர் வெளிறிப்போனார். வேகம் காட்டும் மீட்டரைச் சுத்தம் செய்யக் கழற்றியவர், அந்தத் துளைக்குப் போட்ட அடைப்பானைத் திருகிப் பூட்ட மறந்திருந்தார். அதைப் பூட்டிவிட்டு, "மன்னிச்சிருங்க சார்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டே பம்பை அடித்தார்.

படகைக் கரையில் கட்டிவிட்டுக் கேப்டன் உள்ளே வந்தாள். தையற்காரர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். சுவரில் தண்ணீர் ஏறி நின்ற ஈரக்கோட்டை அவள் பார்த்தாள்.

"இவ்வளவு வர்ற வரைக்கும் ஏன் கூப்பிடல?"

"தொட்டித் தண்ணின்னு நினைச்சேன்."

"கணுக்கால் வரைக்குமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ சிரிப்பேன்னு இருந்துட்டேன்."

"மூழ்கிப் போயிருப்போம்ங்க."

"தெரியும். ஆனா ஓட்டையைப் பாத்தப்பக்கூட முதல்ல ஞாபகம் வந்தது உன் சிரிப்புதான்." அதோடு நிறுத்த நினைத்தார், முடியவில்லை. "எனக்குக் குண்டும் வேண்டாம், ஒல்லியும் வேண்டாம். தண்ணி மேல தூங்குறதை நினைச்சாலே பயமா இருக்கு. நீ கேட்ட அன்னிக்கே பயம்தான்."

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தார். சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

தரகர் தலையை நீட்டினார். "மேடம், எதை முடிக்கலாம்?"

"கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள் கேப்டன். ஈரப் பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

தையற்காரர் யோசித்தார். நிறைய இருந்தது.