புகையைத் துரத்திய விசிறி

விசிறிக்காரர் பேரன் முன்னால் புகை பிடிக்க மாட்டார், அவ்வளவு நியாயஸ்தர். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பற்றவைப்பார். அப்படியும் தவழும் வயதுப் பேரனின் நெஞ்சு, தண்ணீர் வராத குழாய் மாதிரி கீச்சிட்டது.

"இன்னொரு தடவை இவனுக்கு இழுத்துச்சுன்னா, தூக்கிட்டு என் மாமியார் வீட்டுக்கே போயிடுவேன்பா," என்றாள் மகள்.

மாமியாரின் போனையே எடுக்காதவள் அவள். அவளே அப்படிச் சொன்னால் விளையாட்டில்லை. பேரன் வந்து காலைக் கட்டிக்கொள்ளாமல் விசிறிக்காரருக்குச் சோறு இறங்காது.

சிகரெட்டை விட்டுத் தொலைக்கலாமே என்பீர்கள். காலமெல்லாம் புகையை வெளியேற்றும் விசிறி மாட்டிப் பிழைத்தவர், புகையிடம் தோற்பதா? தொழிற்சாலையில் கழற்றிப்போட்ட ராட்சத விசிறி ஒன்றைக் குளியலறைச் சுவரில் பொருத்தினார்.

சுவிட்சைப் போட்டதும் முதலில் துண்டு போயிற்று. மறுநாள் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்தார். அவர் கழுத்திலிருந்த அளவு நாடா கிளம்பி, இரண்டு சன்னல் தாண்டி, இந்த வீட்டு வழியாகப் போயிருக்கிறது. துணி தரும் தேதியைத் தவிர வேறெதிலும் பொய் சொல்லாதவர்.

"நாடா போகட்டும்ணே. அடுத்தது சட்டையான்னுதான் பயமா இருக்கு," என்றார்.

அன்று மாலை பேரனுக்கு மறுபடி இழுத்தது. மகள் பெட்டியைத் திறந்து குழந்தைத் துணிகளை அடுக்கினாள்.

"விசிறில குறையில்லம்மா. எல்லாம் வெளியதான் போகுது."

"வெளியன்னா எங்கப்பா?"

இந்தக் கேள்வியை அவர் ஊரார் வீட்டில் எல்லாம் கேட்பார். தன் வீட்டில் கேட்கவில்லை. விசிறியை ஓடவிட்டு, காற்றின் போக்கைப் பார்க்க ஒரு காகிதக் கீற்றைப் பிடித்தபடி நடந்தார். விசிறியின் வாய் திறப்பது கட்டிடத்தின் நடுச்சந்தில். குழந்தை அறைச் சன்னலும் அதே சந்தில்தான். அங்கே கீற்று உள்பக்கமாகப் பறந்து, நேராகத் தொட்டிலைக் காட்டியது.

அவர் விசிறியை நிறுத்தினார்.

"அடுத்து இதவிடப் பெருசா?" என்றாள் மகள்.

"பெருசு மாட்டினா பையனும் போயிடுவான்," என்று சொல்லி, சிகரெட் பெட்டியைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினார்.

"ஒரு மாசம் பாக்குறேன்," என்றாள். துணிப்பெட்டியை மூடவில்லை.

அந்த மாதம் அவர் கடித்துத் தின்ற பென்சில்களை வைத்து ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம். நகரவே நகராத சுவர்க் கடிகாரத்தோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார். ஒருநாள் தொட்டிலில் சத்தமே இல்லாததைக் கண்டு மகள் பதறிப்போய்க் குனிந்தாள். பேரன் வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

மகள் பெட்டியிலிருந்து துணிகளை வெளியே எடுத்தாள். பாதி அவனுக்குச் சின்னதாகியிருந்தது.