கண்ணாக உட்கார்ந்தவள்

...சொல்லிவிடலாம், கணக்கு எங்கே நிற்க வேண்டும் என்று நீ எழுதவில்லையே வடிவு என்று கேட்டால் போதும், ஆனால் வாய் திறக்கவில்லை, ஏசிக் குளிரில் கால் விரல்கள் மரத்துக் கிடக்கின்றன, செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம், மனுஷிக்குக் குளிர் ஆகலாம் போல. அம்பத்தூர் எஸ்டேட்டின் இந்த மாடியறைக் கம்ப்யூட்டர் வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், தட்டுகிறவள் கை, பக்கத்தில் இருப்பவள் கண், தப்பிருந்தால் கண் சொல்லியாக வேண்டும், இக்னேஷியஸ் சார் போட்ட சட்டம், இன்றைய தேர்விலும் அதை அவர் தளர்த்தவில்லை. இங்கேயே சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டுமாம், ஒரே இடம், மிஞ்சியிருப்பது வடிவும் நானும், இப்போது அவள் கை, நான் கண். காலையில் என் வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸ் பல் விளக்கிக்கொண்டே, "இன்னாடி ஹில்டா, இன்னிக்கும் பிராக்கெட் போடப் போறியா? இதுவும் புட்டுக்கிச்சின்னா ஊட்ல குந்து, போதும் நீ படிச்சது" என்றார். கம்பெனி பூட்டியதிலிருந்து வீட்டில் குந்தியிருப்பது யார் என்று நான் கேட்கவில்லை... கேட்டிருக்க வேண்டுமோ?

எனக்கு பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரியும், அதில் ஒரு பெயருக்குள் எண்ணைப் போடலாம், கூட்டலாம், மாற்றலாம், மறுபடி மாற்றலாம். பிராக்கெட்டுக்குள் பிராக்கெட்டாக எழுதுகிற இந்த லிஸ்ப் மொழியில் எதையும் மாற்றக் கூடாது, ஒரு வேலை தன்னைத்தானே கூப்பிட வேண்டும், எப்படிக் கூப்பிடும் தன்னையே, பட்டாபிராம் வரைக்கும் ரயிலில் தொங்கிக்கொண்டு அதையே நினைத்துத் தலை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் புரியவைத்தது சார் இல்லை, இந்த வடிவு, என்னைவிடச் சின்னவள், அண்ணனூரில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறவள். "முன்னாடி கீற குடத்தை மட்டும் நீ தூக்குக்கா, மீதி வரிசைய உன்ன மாதிரியே இன்னொருத்திகிட்ட வுட்டுடு. அவளும் ஒண்ணத் தூக்கிகினு மீதிய வுடுவா. குடம் தீந்துச்சா, நிறுத்து. அவ்ளோதான்." அந்த நொடியில் எனக்குப் புரிந்தது, அந்த நொடியிலேயே அவளைப் பிடிக்காமலும் போனது, ஏன், நன்றிக்குப் பதிலாக அது ஏன் வந்தது... இப்போது சார் தன் முதுகுக்குப் பின்னால் நிற்கிற பதற்றத்தில் அவளே அதை விட்டுவிட்டாள், பட்டியலில் உள்ள எண்களைக் கூட்டும் கணக்கு, எல்லாம் சரி, தீர்ந்தால் நிறுத்து என்ற அந்த வரி மட்டும் இல்லை. "அக்கா, சரியா கீதான்னு பாரேன்." பார்த்தேன். பச்சை எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "சரியாத்தான் இருக்கு, தட்டு" என்றேன், அவள் காதுக்கு மட்டும்.

தட்டினாள். திரை அப்படியே உறைந்தது, உள்ளே அது தன்னையே கூப்பிட்டு, ஒன்றுமில்லாததையும் இன்னொருத்தியிடம் கொடுத்து, இடமே இல்லாமல் நிரம்பி, தப்பு என்று ஒரு வரியைத் துப்பிவிட்டுச் செத்தது. பாவம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, வயிற்றில் இதமான ஒரு சூடு மட்டும்... ஒருத்தியைத் தள்ளிவிடுவது இவ்வளவு லேசானதா? "இன்னாம்மா, ஷெட்டு வந்தும் நிக்காத ரயிலாட்டம் ஓட்டிவுட்டுக்கீற! உன்கிட்ட படிக்கிறவன் உருப்பட்டுடுவான்" என்று சார் சொல்ல, பின்வரிசை முழுக்கச் சிரிக்கிறது, நானும் கொஞ்சம் சிரித்தேனோ? அவர் என் பக்கம் திரும்பினார். "கை தப்பு பண்ணும். கண்ணு இன்னா பண்ணிகினு இருந்துச்சு? தூங்குச்சா?" பார்க்கவில்லை என்றாலும் போச்சு, பார்த்தேன் என்றாலும் போச்சு, இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்... வடிவு திரும்பாமலே சொன்னாள், "அக்கா சொன்னாங்க சார். நான்தான் கேக்காம தட்டிட்டேன்."

இடம் மாறினோம். நாற்காலியில் அவள் சூடு இன்னும் இருக்கிறது, சார் எனக்கு வேறு கணக்குக் கொடுத்திருக்கிறார், பட்டியலில் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், நிறுத்தும் வரியைத்தான் முதலில் எழுதினேன், மீதியும் எழுதிவிட்டேன். எப்படி அவ்வளவு சட்டென்று பொய் வந்தது அவளுக்கு, நான் பார்த்தது அவளுக்குத் தெரியுமா, தெரிந்தே என்னைக் காப்பாற்றினாளா, எதற்கு... பக்கத்தில் அவள் மூச்சு, அழுத மூச்சு இல்லை, சாதாரண மூச்சு. திரையை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்துவிட்டு, "சரியா கீதுக்கா, தட்டு" என்கிறாள், நான் அவளுக்குச் சொன்ன அதே வார்த்தை. மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன், ஒரு தப்பும் இல்லை, இன்னொரு முறை படிக்கிறேன், இல்லை, விரல் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.